லாங் ரன்னும் பேய்ப்பசியும்: பசிக்கும் நேரத்தை வைத்துப் பழுது கண்டுபிடிப்பது

மாரத்தான் பயிற்சியில் இறங்கிய முதல் வருடம் கால்களை விட வயிறுதான் எனக்கு அதிகத் தொல்லை கொடுத்தது. முழங்கால் வலித்தால் இங்கேதான் என்று விரல் வைத்துக் காட்டலாம். பசியை அப்படிக் காட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை லாங் ரன்னில், அதாவது வாரத்தின் நீளமான ஓட்டத்தில், செய்த தப்புக்குத் திங்கட்கிழமை சாயங்காலம் பசிக்கும். அந்த நேரத்தில் கையில் கிடைத்ததைத் தின்று அடைத்தால், ஓட்டை இருந்த இடத்திலேயே இருக்கும், அடுத்த வாரமும் அதே நேரத்துக்கு அதே பசி வரும். அதனால் எவ்வளவு பசிக்கிறது என்று பார்ப்பதை விட எப்போது பசிக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கிப் போவதுதான் எனக்கு வேலை செய்தது. கீழே உள்ளவற்றில் உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போகலாம். ஆனால் ஒரே ஒரு கணக்கு மட்டும் எல்லோருக்கும் வேண்டும்.

சமதரையில் ஓடும்போது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 1 கலோரி செலவாகிறது. (நாம் பேச்சில் கலோரி என்பது உண்மையில் கிலோகலோரி. இங்கும் அப்படியே வைத்துக்கொள்வோம்.) 70 கிலோ ஆள் 10 கிமீ ஓடினால் 700. மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் இதில் பெரிய வித்தியாசம் வராது, நேரம்தான் மாறும். கைக்கடிகாரம் இதை விட அதிகமாகக் காட்டினால் நான் கடிகாரத்தை நம்புவதில்லை. ஓடாத நாளில் உட்கார்ந்தே வேலை பார்க்கும் 70 கிலோ ஆணுக்கு 2,000 முதல் 2,200 வரை போதும் என்று வைத்துக்கொண்டால், 10 கிமீ ஓடிய நாளில் அது 2,800 பக்கம் போகிறது. எல்லாப் பழுதும் இந்த 700-ஐ எங்கே வைப்பது என்பதில்தான் ஆரம்பிக்கிறது.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதில் எதையும் தானாக முயற்சி செய்ய வேண்டாம். ஓடும் நாளில் மருந்து அளவே மாற வேண்டியிருக்கலாம். முதலில் மருத்துவர்.

அறிகுறி: லாங் ரன் முடிந்ததும் சாப்பாடு இறங்கவில்லை, மறுநாள் பேய்ப்பசி

இதுதான் அதிகம் பேருக்கு வருவது, அதிகம் பேர் தப்பாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். ஈசிஆரில் 24 கிமீ முடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறீர்கள். இட்லியைப் பார்த்தாலே குமட்டுகிறது. ஒரு காபி, அரை இட்லி, தூக்கம். மதியமும் கொஞ்சம்தான். "பரவாயில்லையே, இவ்வளவு ஓடியும் பசிக்கவில்லை, எடை குறையப் போகிறது" என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம் வேறு. மறுநாள் அலுவலகத்தில் நாலு மணிக்குப் பசி காதை அடைக்கும். பக்கத்து சீட்டுக்காரர் பிறந்தநாள் கேக் கொண்டு வந்திருப்பார். மூன்று துண்டு எப்படி உள்ளே போயிற்று என்று உங்களுக்கே தெரியாது.

நடந்தது இவ்வளவுதான். கடினமாகவோ நீண்ட நேரமோ ஓடும்போது பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் தற்காலிகமாக இறங்குகிறது. வயிற்றுக்குப் போக வேண்டிய ரத்தம் கால்களுக்கும், உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் போய்விடுகிறது. நம்மூர் வெயிலிலும் புழுக்கத்திலும் இது இன்னும் மோசம். ஆக, பசி இல்லை என்பதற்கு உடலுக்குத் தேவை இல்லை என்று அர்த்தம் கிடையாது. மணி அடிக்கிற ஆள் தூங்கிவிட்டான், அவ்வளவுதான். 24 கிமீ-க்கு 1,700 கலோரி செலவு செய்து, அன்று முழுக்க 1,500 சாப்பிட்டால், கடன் மறுநாள் வட்டியோடு வரும்.

சரி செய்யும் வழி: பசிக்காகக் காத்திருக்காதீர்கள். ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1 கிராம் மாவுச்சத்து, கூடவே 20 கிராம் புரதம். 70 கிலோ ஆளுக்கு இது நான்கு இட்லி, ஒரு வாழைப்பழம், இரண்டு முட்டை. முட்டை சாப்பிடாதவர்கள் கெட்டியான சாம்பாரும் ஒரு பெரிய டம்ளர் பாலும் சேர்த்தால் பக்கத்தில் வந்துவிடலாம்.

மெல்லவே முடியவில்லை என்றால் குடியுங்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு சீசன் ஆயிற்று. ஒரு டம்ளர் பால், ஒரு பழம், இரண்டு டீஸ்பூன் நாட்டுச்சர்க்கரை போட்டு அடித்தால் 250 கலோரிக்கு மேல் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். சத்துமாவுக் கஞ்சியும் சரி, கேழ்வரகுக் கூழில் தயிர் கரைத்துக் குடித்தாலும் சரி. நான் முதலில் உப்பு போட்ட மோர் ஒரு சொம்பு குடிப்பேன். அது போன இருபது நிமிஷத்தில் வயிறு தானாக இட்லி கேட்கும். பாதிப் பேருக்குக் குமட்டல் வருவது தண்ணீரும் உப்பும் இறங்கியதால்தான். உறுதி செய்துகொள்ள ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். இரண்டு கிலோ இறங்கியிருந்தால் அதில் கொழுப்பு சொற்பம், மிச்சமெல்லாம் வியர்வை.

இரண்டு வாரம் இதைச் செய்து பாருங்கள். திங்கட்கிழமைப் பசி அடங்கவில்லை என்றால் ஓட்டை வேறு எங்கோ இருக்கிறது. பெரும்பாலும் அடுத்த அறிகுறியில்.

அறிகுறி: ராத்திரி பத்து மணிக்கு ஃபிரிட்ஜ் கதவு

பகலெல்லாம் ஒழுங்கு. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மிக்சர் டப்பா, மீதிச் சாதம், குழந்தையின் பிஸ்கட். மனக்கட்டுப்பாடு இல்லை என்று தன்னைத் தானே திட்டிக்கொள்வது. நானும் திட்டியிருக்கிறேன். ஒரு நாள் வெறுத்துப் போய் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். காலை ஐந்து மணிக்கு 10 கிமீ. எட்டு மணிக்கு இரண்டு இட்லி. மதியம் "டயட்" என்று இரண்டு சப்பாத்தி, வெள்ளரிக்காய். நாலு மணிக்குச் சர்க்கரை இல்லாத காபி. ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு தோசை. எல்லாம் கூட்டினால் 1,100 கூடத் தேறவில்லை. தேவை 2,800. மிக்சர் டப்பாவைத் திறந்தது நாக்கு இல்லை, அந்த 1,700-தான்.

இங்கே சோதனை எளிது. மூன்று நாள் மட்டும், சாப்பிட்டதையும் மணியையும் எழுதுங்கள். மதியச் சாப்பாடு முடியும்போது நாளின் தேவையில் பாதிக்கு மேல் உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் ராத்திரியைத் தொடாதீர்கள், காலையையும் மதியத்தையும் பெரிதாக்குங்கள். காலையில் நாலு இட்லி, மதியம் சாதத்தைக் குறைக்காமல் கூடவே ஒரு கிண்ணம் பருப்போ மீனோ முட்டையோ. நாலு மணிக் காபியோடு ஒரு கை வேர்க்கடலை அல்லது சுண்டல். என் விஷயத்தில் மிக்சர் டப்பா ஐந்தாவது நாளே தானாக மறந்து போயிற்று. ஓட்டக்காரர்கள் சாதத்தைக் கண்டு பயப்படுவது எனக்குப் புரியவே இல்லை. கென்யாவின் உலகத்தரமான ஓட்டக்காரர்கள் மக்காச்சோள மாவில் கிண்டிய உகாலியையும் சர்க்கரை போட்ட பால் டீயையும்தான் நம்புகிறார்கள். களி மாதிரியான சமாச்சாரம்தான் அது.

காலை, மதியம் எல்லாம் சரியாக இருந்தும் ராத்திரிப் பசி வருகிறதா? தூங்கும் நேரத்தைப் பாருங்கள். நாலரைக்கு எழுந்து ஓடுகிறவர் பதினொன்றரைக்குப் படுத்தால் ஐந்து மணி நேரத் தூக்கம். தூக்கம் குறைந்தால் கிரெலின் ஏறுகிறது, வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் இறங்குகிறது. இதைச் சாப்பாட்டால் சரி செய்ய முடியாது.

அறிகுறி: ஓட்டத்தின் நடுவிலேயே பசி, கால் கனம், கண்ணைக் கட்டுகிறது

வழக்கமாக 18 முதல் 30 கிமீ-க்குள் வரும். முதலில் எரிச்சல் வரும், பக்கத்தில் பேசிக்கொண்டே ஓடுகிறவரைப் பிடிக்காமல் போகும். அப்புறம் வேகம் விழும். கடைசியில் ரோட்டோரம் இளநீர்க் கடையைத் தேடுவீர்கள். ஓட்டக்காரர்கள் இதைத்தான் 'வால்' (wall, சுவர்) என்கிறார்கள்.

தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 400 முதல் 500 கிராம். கலோரியில் 1,600 முதல் 2,000. முழு மாரத்தானுக்கு, அதாவது 42.195 கிமீ-க்கு, 70 கிலோ ஆளுக்கு 2,900-க்கு மேல் வேண்டும். மிச்சத்தைக் கொழுப்பு தரும், ஆனால் மெதுவாகத் தரும். வேகமாக ஓட ஓடக் கொழுப்பின் பங்கு குறைகிறது. கல்லீரலில் இருக்கும் சேமிப்பு வேறு ராத்திரித் தூக்கத்திலேயே பெரும்பகுதி கரைந்துவிடுகிறது.

முதலில் மணியைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிட்டதா? அப்படியானால் தப்பு முந்தின ராத்திரியில். சனிக்கிழமை ராத்திரி சாலட்டும் சூப்பும் குடித்துவிட்டு ஞாயிறு 20 கிமீ ஓட முடியாது. சாதமோ சப்பாத்தியோ இடியாப்பமோ, வயிறு நிறைய. காரமும் எண்ணெயும் வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம்.

ஒன்றரை மணி நேரம் தாண்டி வந்ததா? ஓடும்போது எதுவும் எடுக்காததுதான் காரணம். 75 நிமிஷத்துக்கு மேல் போகும் எந்த ஓட்டத்துக்கும் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். அதை முப்பதாவது நிமிஷத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். பசித்த பிறகு சாப்பிட்டால் அது ரத்தத்துக்கு வந்து சேருவதற்குள் நீங்கள் நடக்க ஆரம்பித்திருப்பீர்கள். ஓடும்போது பிழிந்து சாப்பிடும் ஒரு மாவுச்சத்து ஜெல் பாக்கெட்டில் பொதுவாக 20 முதல் 25 கிராம் இருக்கும். ஒரு நடுத்தர வாழைப்பழமும் அதே அளவுதான். நான்கைந்து பேரீச்சம்பழமும் பக்கத்தில் வரும், கொட்டையை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். கடலைமிட்டாயை ஓடும்போது எடுக்காதீர்கள். கடலையின் கொழுப்பு வயிற்றை மெதுவாக்கும், தூள் தொண்டையில் மாட்டும். ஓடி முடித்த பிறகு அதைப் போல வேறில்லை.

எனக்குப் பிடித்தது பானகம். அரை லிட்டர் தண்ணீர், 30 கிராம் வெல்லம், பாதி எலுமிச்சை, கால் டீஸ்பூன் உப்பு, சிட்டிகை சுக்கு. வெல்லத்தில் பெரும்பங்கு சுக்ரோஸ். குடலுக்குள் போனதும் அது குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிகிறது. இரண்டும் வேறு வேறு வழியில் உள்ளே போவதால் சேர்ந்து அதிகம் உறிஞ்சப்படுகின்றன. விலை உயர்ந்த பானங்களும் இதே தந்திரத்தைத்தான் செய்கின்றன. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்குப் பந்தலில் பானகமும் மோரும் கொடுப்பவர்கள் ஹார்மோன் கணக்கு எதுவும் பார்த்துக் கொடுப்பதில்லை. இளநீர் நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு டம்ளரில் 50 கலோரி கூட வராது. பொட்டாசியம் நிறைய இருக்கும், வியர்வையில் போகும் சோடியத்துக்கு அது ஈடு ஆகாது. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்து மூன்று நான்கு மணி நேரம் ஓடுவது இன்னும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போய் மயக்கம், குழப்பம் வரை போகும்.

எதுவானாலும் பயிற்சியில் பழகாததைப் பந்தய நாளில் வாயில் வைக்காதீர்கள். குடலும் பழக்கத்துக்கு வரும், தசையைப் போலவே.

அறிகுறி: காலையில் சாப்பிட்டால் வயிறு கலக்குகிறது, சாப்பிடாவிட்டால் கை நடுங்குகிறது

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் மெதுவான ஓட்டம் என்றால் வெறும் வயிற்றில் போங்கள், ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் என்றால் கிளம்புவதற்கு 30 நிமிஷம் முன்னால் ஒரு வாழைப்பழம், அல்லது ஜாம் தடவிய இரண்டு பிரெட். நார்ச்சத்தும் பாலும் பருப்பும் அப்போது வேண்டாம், கலக்குவது பெரும்பாலும் அவைதான். பால் காபியால் கலக்குகிறது என்று சந்தேகம் இருந்தால் ஒரு வாரம் கடுங்காபிக்கு மாறிப் பாருங்கள். சிலருக்கு, சர்க்கரை நிறைந்த ஒன்றைக் குடித்து முக்கால் மணி நேரம் சும்மா இருந்துவிட்டு ஓட ஆரம்பித்தால் முதல் சில நிமிஷங்களில் தலை சுற்றும். அவர்கள் அதை ஓடத் தொடங்குவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் எடுத்தால் போதும்.

அறிகுறி: இவ்வளவு ஓடியும் எடை ஏறுகிறது

முதல் மூன்று நான்கு வாரத்தில் ஒன்று, ஒன்றரை கிலோ ஏறினால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்து தங்குகிறது. புதிதாக வலிக்கும் தசைகளும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இரண்டு மாதம் தாண்டியும் ஏறுகிறது என்றால், ஓட்டம் முடிந்து கூட்டமாகப் போகும் ஓட்டலைச் சந்தேகியுங்கள். சொல்லவே கஷ்டமாகத்தான் இருக்கிறது, பெசன்ட் நகரில் ஓடுவதற்கே பாதிப் பேர் வருவது அதற்காகத்தான். 8 கிமீ ஓடினால் 560 கலோரி. நெய் மிதக்கும் ஒரு பிளேட் பொங்கல், இரண்டு வடை, ஒரு ஃபில்டர் காபி எளிதாக 700-ஐத் தொடும். அதோடு "இன்றைக்கு ஓடியாச்சு" என்று மதியம் ஒரு சலுகை, சாயங்காலம் ஒரு சலுகை. 8 கிமீ-ஐ மூன்று முறை விற்றுவிட்டோம். லாங் ரன் அன்று பொங்கல் வடை நியாயம். குறைந்த தூர நாட்களில் வழக்கமான காலை உணவே போதும், கூட ஒரு பழம்.

எடை குறைக்க வேண்டும் என்றே ஓடுகிறவர்கள் ஒரு நாளைக்கு 300 கலோரிக்கு மேல் பள்ளம் வைக்காதீர்கள். அதையும் லாங் ரன்னுக்கு முந்தின நாளும் லாங் ரன் அன்றும் வைக்காதீர்கள். ஓய்வு நாளிலும் எளிய ஓட்ட நாளிலும் வையுங்கள். பந்தயத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது எடை குறைப்பை நிறுத்திவிடுவது நல்லது. இரண்டையும் ஒரே சீசனில் முழுதாகச் செய்ய முயன்று இரண்டையும் கெடுத்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அறிகுறி: சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி பசி

தட்டில் புரதம் இல்லை. நம் சைவச் சாப்பாட்டில் இது சகஜம். ரசம் சாதம், பொரியல், மோர் என்று வயிறு நிறையும், புரதம் 12 கிராம் கூட வராது. ஓடுகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் வேண்டும். 70 கிலோவுக்கு 85 முதல் 110. மூன்று வேளைக்கும் பிரித்து, வேளைக்கு 30 கிராம் என்று பார்த்தால் பசியின் இடைவெளி நீளும். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, பனீர், முட்டை, மத்தி மீன், எது கைக்கு வருகிறதோ அது. ஒரு விஷயம் மட்டும்: சாப்பாட்டோடு டீ காபி வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். அது பயறிலும் கீரையிலும் உள்ள இரும்பை உறிஞ்ச விடாது. ஓட்டக்காரர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இரும்பு ஏற்கெனவே இழுபறிதான்.

அறிகுறி: பசியே இல்லை. தூக்கம் கெடுகிறது, வேகம் விழுகிறது

மேலே சொன்னவை எல்லாம் தொல்லைகள். இது நோய். இங்கே மட்டும் விளையாட்டு வேண்டாம். பல வாரங்களாகக் குறைவாகச் சாப்பிட்டு நிறைய ஓடினால் உடல் பசியைக் கேட்பதையே விட்டுவிட்டு, செலவைக் குறைக்க ஆரம்பிக்கும். எப்போதும் குளிர்கிறது, சளி விடாமல் பிடிக்கிறது, தொடை எலும்போ கால் முன்னெலும்போ ஒரே புள்ளியில் வலிக்கிறது, ஆண்களுக்கு ஆசையே இல்லை, பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப் போகிறது அல்லது நிற்கிறது. 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தத் தொகுப்புக்கு ரெட்-எஸ் (RED-S, விளையாட்டில் வரும் ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயர் வைத்தது. பெண்களுக்கு மட்டும் வருவது என்ற பழைய எண்ணத்தை அது மாற்றியது.

கணக்கு இப்படி. 55 கிலோ பெண், கொழுப்பு நீங்கிய உடல் எடை 42 கிலோ. 1,500 கலோரி டயட்டில் இருக்கிறார், தினம் 10 கிமீ ஓடுகிறார். ஓட்டத்துக்கு 550 போக மிச்சம் 950. அதை 42-ஆல் வகுத்தால் ஒரு கிலோவுக்கு 23 கூட இல்லை. 45 பக்கம் இருந்தால் உடல் நிம்மதியாக இயங்கும், 30-க்குக் கீழே நாட்கணக்கில் போனால் ஹார்மோன்கள் தடுமாறும். இவருக்கு 1,500 அல்ல, 2,400 வேண்டும். "ஓடுகிறவர்களுக்கு மாதவிடாய் நிற்பது சகஜம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று மாதம் வரவில்லை என்றால் மருத்துவர். எலும்பில் ஒரே புள்ளியில் வலி என்றால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவர். எலும்பு வலி இல்லாதவர்கள் மருத்துவரைப் பார்க்கும்வரை தூரத்தைப் பாதியாக்குங்கள், சாப்பாட்டைப் பாதியாக்காதீர்கள்.

அறிகுறி: பந்தய வாரத்தில் ஓட்டம் குறைந்தும் பசி குறையவில்லை

ஜனவரி மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் பொங்கல் வாரத்தில் கேட்கும் கேள்வி இது. உடல் சேமிக்கிறது, விடுங்கள். கடைசி இரண்டு மூன்று நாள் தட்டில் சாதம், இடியாப்பம், உருளைக்கிழங்கு கூடட்டும், நெய்யும் பொரித்ததும் கொஞ்சம் குறையட்டும். சர்க்கரைப் பொங்கலை மறுக்க வேண்டியதில்லை, முந்திரியை வேண்டுமானால் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடலாம். எடை பார்க்கும் மெஷினை அந்த வாரம் பரணில் போடுங்கள். அது காட்டும் கூடுதல் ஒன்றரைக் கிலோ கிளைகோஜனும் தண்ணீரும்தான், 30-வது கிமீ-இல் தேவைப்படும்.